தரங்கம்பாடிக்குக் கடிதம் எழுதியவரின் மகன்

தரங்கம்பாடி மிஷன் என்றால் நமக்கு கோபன்ஹேகன், ஹாலே, லண்டன் என்று மூன்று ஊர்கள் ஞாபகம் வரும். நாலாவதாக ஓர் ஊர் உண்டு, அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: பாஸ்டன். அங்கிருந்த காட்டன் மேதர் என்ற பியூரிட்டன் போதகர் 1717 டிசம்பர் கடைசியில் சீகன்பால்குவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் போவதற்குள் சீகன்பால்கு காலமாகிவிட்டார் (1719 பிப்ரவரி). பதில் எழுதியவர் கூட ஊழியம் செய்த க்ருண்ட்லர். இந்தக் கடிதப் போக்குவரத்தையும் சேர்த்து மேதர் 1721-ல் 'இந்தியா கிறிஸ்டியானா' என்று பாஸ்டனில் ஒரு சிறு புத்தகம் போட்டார்.

இந்த இரண்டு வருடங்களில் அவர் டைரியில் தரங்கம்பாடியைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடப் போனேன். (மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் 1911-12-ல் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டது, சில ஆண்டுகளுடையது கிடைக்கவில்லை.) தேடியதை விட வேறொன்றுதான் அதிகம் கண்ணில் பட்டது. தரங்கம்பாடிக்குக் கடிதம் எழுதுவதற்கு ஒரு மாதம் முன்னால், 1717 நவம்பரில், அவருடைய 18 வயது மகன் மீது ஒரு பெண் புகார் சொல்கிறாள், தன் வயிற்றில் வளரும் குழந்தைக்கு அவன்தான் தகப்பன் என்று. 'இந்தியா கிறிஸ்டியானா' வந்த 1721-ல், ஏப்ரல் மாதம், அதே மகன் ராத்திரி நேரத்தில் ஊர்க் காலிகளோடு சேர்ந்து கலாட்டா செய்து மாட்டிக்கொள்கிறான்.

சரி, இனி அந்த மகனைப் பற்றி.

பெயர் இன்க்ரீஸ். தாத்தா பெயரைத்தான் வைத்திருந்தார்கள், வீட்டில் கிரெஸி என்று கூப்பிடுவார்கள். தாத்தா இன்க்ரீஸ் மேதர் பாஸ்டனின் பெரிய போதகர், ஹார்வர்டின் தலைவராகவும் இருந்தவர். கொள்ளுத்தாத்தா ரிச்சர்ட் மேதரும் போதகர். அப்பா காட்டன் 15 வயதில் ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர், சுமார் 400 வெளியீடுகள் எழுதியவர். சேலம் சூனிய வழக்குகளால் பெயர் கெட்டதும் இவர்தான், அம்மை குத்தும் பழக்கத்தை அமெரிக்காவில் கொண்டுவரப் போராடியதும் இவர்தான். இப்படி ஒரு பரம்பரையில், 1699-ல், முதலில் பிறந்த ஆண் குழந்தை தங்காமல் போன வீட்டில் கிரெஸி பிறக்கிறான்.

அவன் பிறந்தபோது மேதருக்கு வானத்திலிருந்து ஓர் உறுதி கிடைத்ததாக எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பிள்ளை காலம் காலமாகக் கிறிஸ்துவின் ஊழியனாக இருப்பான் என்கிற மாதிரியான உறுதி. இன்றைக்கு நம்ம ஊர் ஜெபக்கூட்டங்களில் "கர்த்தர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்று சொல்வார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதேதான். மேதர் குடும்பத்தில் இதற்குத் 'தனிப்பட்ட விசுவாசம்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருந்தார்கள். 1702-ல் மனைவி அபிகாயில் படுத்த படுக்கையானபோதும் அவள் பிழைப்பாள் என்று அதே உறுதி கிடைத்தது. அந்த டிசம்பரில் அவள் இறந்துபோனாள். அது மேதரைப் பல வருடம் உறுத்தியது. அப்போது கிரெஸிக்கு மூன்று வயது.

கிரெஸி பிறந்த அதே 1699-ல் மேதர் ஒரு புத்தகம் வெளியிட்டார். குடும்பத்தை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று. பெற்றோருக்கு ஒரு பாதி, பிள்ளைகளுக்கு ஒரு பாதி. பிள்ளைகளுக்கான பாதியில் மிரட்டல் பலமாக இருக்கும்: அப்பா அம்மாவை அவமதிக்கிற பிள்ளைக்குச் சாபம், அற்ப ஆயுசு, கெட்ட சாவு. நீதிமொழிகளில் காகங்கள் கண்ணைப் பிடுங்குவதாக வரும் வசனம் பியூரிட்டன் பிரசங்கங்களுக்கு ரொம்பப் பிடித்தமான ஒன்று.

இதையெல்லாம் வைத்து மேதரை ஒரு பிரம்படி வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். பியூரிட்டன் என்றாலே குழந்தைகளை அடித்து நொறுக்குகிறவர்கள் என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. தன் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறேன் என்று மேதரே ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். அது அந்தப் படத்தோடு ஒத்துப்போவதில்லை. சாப்பாட்டு மேஜையில் கதை சொல்வார். படிப்பைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது, பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பார். நன்றாக நடந்துகொண்டால் புதிதாக ஒன்று சொல்லித் தருவார், அதைப் பிள்ளைகள் ஒரு சலுகையாக நினைக்க வேண்டுமாம். அடியைப் பொறுத்தவரை பிடிவாதத்துக்கோ, ரொம்பப் பெரிய தப்புக்கோ தவிர கையை ஓங்குவதில்லை. அவருடைய வீட்டில் ஆகப் பெரிய தண்டனை என்ன தெரியுமா? "என் முன்னால் நிற்காதே, போ." அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

1700-களுக்கு இது உண்மையிலேயே முற்போக்கான முறை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் பிரமாதமாக வேலையும் செய்யும், ஏனென்றால் அந்த வயதில் அப்பா முகம்தான் உலகம். பதினெட்டு வயதில்? பாஸ்டன் ஒரு துறைமுகம். கப்பல், மாலுமிகள், சாராயக்கடை, நாலு நண்பர்கள். "என் முன்னால் நிற்காதே" என்று சொன்னால் அவன் போய் நிற்பதற்கு ஆயிரம் இடம் இருக்கிறது. மேதரின் முறை அன்பு என்ற ஒரே கயிற்றை நம்பியிருந்தது. தண்டனை என்பது அந்தக் கயிற்றைத் தற்காலிகமாக விடுவது. பிள்ளை வளர வளர, அப்படி விடுவதுதான் ஆபத்தான காரியமாக மாறுகிறது.

கிரெஸிக்குப் படிப்பு ஏறவில்லை. இதை மேதர் சீக்கிரமே புரிந்துகொண்டார் என்பதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். மூன்று தலைமுறைப் போதகர் குடும்பத்தில் மூத்த மகனை "சரி, நீ வியாபாரத்துக்குப் போ" என்று விடுவது லேசுப்பட்ட காரியமில்லை. (நம்மூரில் என்ஜினீயர் வீட்டுப் பையன் காமர்ஸ் குரூப் எடுக்கிறேன் என்றாலே வீடு ரெண்டாகிறது.) வியாபாரம் பழக விட்டார், கடல் கடந்து இங்கிலாந்துக்கும் அனுப்பிப் பார்த்தார்.

இடையில் 1713 நவம்பர். தட்டம்மை. மேதரின் இரண்டாவது மனைவி எலிசபெத், அவள் அப்போதுதான் பெற்ற இரட்டைக் குழந்தைகள், இரண்டு வயது ஜெருஷா என்று இரண்டு வாரத்துக்குள் நாலு சாவு. கிரெஸிக்கு 14 வயது. மூன்று வயதில் ஒரு தாய், பதினாலு வயதில் வளர்த்த தாய். 1715-ல் மேதர் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டார். அந்த வீட்டில் நிம்மதி இல்லை என்பது டைரியில் ஒளிவுமறைவு இல்லாமல் தெரிகிறது.

இந்தத் தேதிகளை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தால் ஒரு பையன் பதினெட்டு வயதில் தடம் மாறுவதில் எனக்குப் பெரிய மர்மம் எதுவும் தெரியவில்லை. மேதருக்கு மட்டும் அது முழுக்க ஆவிக்குரிய பிரச்சினையாகவே தெரிந்தது. அவர் டைரி எழுதும் முறையே அப்படி. ஒவ்வொரு நாளும் இன்றைக்கு என்ன நன்மை செய்யலாம் என்று ஒரு வரி. அது மனைவிக்கோ சபைக்கோ பிள்ளைக்கோ ஏழை விதவைக்கோ. கிரெஸி அதில் திரும்பத் திரும்ப வருகிறான்: அவனோடு பேச வேண்டும், அவனை அழைத்து ஜெபிக்க வேண்டும், அவனுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். மென்பொருள் வேலையில் லாக் ஃபைல் படித்துப் பழகியவன் என்பதால் ஒன்று கவனித்தேன். நான் படித்த அளவில், போகும் செய்திகள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன, வரும் செய்திகள் அநேகமாக இல்லை. கிரெஸி என்ன சொன்னான் என்பது அந்தப் பக்கங்களில் தேடினாலும் கிடைப்பது அரிது.

1717 புகாருக்கு வருவோம். தீர விசாரித்தவர்கள் பையன் நிரபராதி என்றே நினைப்பதாக மேதர் எழுதுகிறார். ஆனாலும் அந்தக் குறிப்புகளில் மேலோங்கி நிற்பது அவமானம். போதகர் வீட்டுப் பிள்ளை விஷயத்தில் இது கூடுதல் பாரம். வேறு எந்தக் குடும்பத்திலும் மகன் செய்வது மகனின் தப்பு. போதகர் குடும்பத்தில் அது அப்பாவின் பிரசங்கத்துக்கே மறுப்பு. ஊர் அதைக் கொண்டாடும். மேதருக்கு எதிரிகளும் ஏராளம். 1721 நவம்பரில் அம்மை குத்தும் தகராறில் வீட்டு ஜன்னல் வழியாக வெடிகுண்டே எறிந்தார்கள்.

அதே வருடம் ஏப்ரலில் கலாட்டா. இந்த முறை மேதர் உடைந்துவிட்டார். மகனுக்குப் பயங்கரமான ஒரு கடிதம் எழுதப்போவதாகக் குறிக்கிறார்: அவன் குற்றங்களை வரிசையாக எடுத்து வைத்து, மனந்திரும்பிய அடையாளம் தெளிவாகத் தெரியும்வரை உன்னை மகன் என்று சொல்ல மாட்டேன், உனக்கு எதுவும் செய்ய மாட்டேன், உன் முகத்திலும் விழிக்க மாட்டேன் என்று. கவனியுங்கள், இது அந்தப் பழைய தண்டனைதான். என் முன்னால் நிற்காதே. குழந்தைக்குச் செய்ததையே 21 வயது ஆணுக்குச் செய்கிறார். கையில் வேறு கருவி இல்லை. அந்த உறுதியும் நிலைக்கவில்லை. தள்ளிவிட்ட மகனுக்காக உள்ளம் கொதிக்கிற தகப்பனைத்தான் பிறகு பார்க்கிறோம்.

வேறு கருவி இல்லை என்றேன், சட்டப் புத்தகத்தில் ஒன்று இருந்தது. உபாகமம் 21-ல் அடங்காத மகனை ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்படைத்துக் கல்லெறியச் சொல்லும் பகுதி உண்டு. மாசசூசெட்ஸ் அதை 1646-ல் அப்படியே சட்டமாக்கியது: 16 வயதுக்கு மேற்பட்ட அடங்காத மகனைப் பெற்றோர் நீதிபதியிடம் கொண்டுவந்தால் மரண தண்டனை. இதன்படி யாரும் கொல்லப்பட்டதாகப் பதிவு இல்லை. பக்கத்துப் பிரிவு இன்னும் சுவாரஸ்யம். பெற்றோரைச் சபிக்கும், அடிக்கும் பிள்ளைக்கும் மரணம்தான், ஆனால் பெற்றோர் வளர்ப்பில் அலட்சியமாக இருந்திருந்தாலோ, கொடூரமாகத் தண்டித்துப் பிள்ளையைத் தூண்டிவிட்டிருந்தாலோ அது பொருந்தாது. பெற்றோரையும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறது அந்தச் சட்டம். பிற்பாடு மரண தண்டனை போய்விட்டாலும் 'அடங்காத பிள்ளை' என்ற குற்றம் மட்டும் அந்த மாநிலத்தில் 1973 வரை சட்டத்தில் இருந்தது.

யூத ரபிகள் இதே பகுதியை வேறு விதமாகக் கையாண்டார்கள். மிஷ்னாவில் நிபந்தனை மேல் நிபந்தனை. தாய் தகப்பன் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றால் செல்லாது. இவ்வளவு இறைச்சி தின்றிருக்க வேண்டும், இவ்வளவு திராட்சரசம் குடித்திருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் செவிடாகவோ குருடாகவோ இருந்தாலும் செல்லாது. தல்மூத் இன்னும் ஒரு படி போய், வயது வரம்பை மூன்றே மாதமாகச் சுருக்கி, இப்படி ஒரு பிள்ளை இருந்ததே கிடையாது என்ற கருத்தையும் பதிவு செய்கிறது. ஒரே ஒரு ரபி மட்டும் இல்லை, அப்படி ஒருவனுடைய கல்லறைமேல் நானே உட்கார்ந்திருக்கிறேன் என்று எதிர்க்கிறார். வேதத்தை ஒரு வார்த்தையும் மாற்றாமல் பிள்ளையைக் காப்பாற்றிய வாசிப்பு இது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

இன்றைய கிறிஸ்தவப் பெற்றோர் உபாகமத்தைத் தொடுவதில்லை. அவர்களைக் குத்திக்கொண்டிருப்பது நீதிமொழிகள் 22:6. சின்ன வயதில் சரியான வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் விடமாட்டான் என்ற கருத்துள்ள வசனம். இதைத் திருப்பிப் போட்டால் என்ன வரும்? அவன் விட்டுவிட்டான் என்றால் நீ சரியாக நடத்தவில்லை. பிள்ளை சபைக்கு வர மறுக்கும் வீட்டில் அம்மா அப்பாவைத் தூங்கவிடாத வாக்கியம் இதுதான். ஆனால் நீதிமொழிகள் என்பது பழமொழித் தொகுப்பு. பழமொழி பொதுவாக நடப்பதைச் சொல்லும், உத்தரவாதக் கார்டு கொடுக்காது. "தாயைப் போல பிள்ளை" என்பதை வைத்து யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லையே.

மேதர் வீடே இதற்கு நல்ல சோதனை. கிரெஸிக்குத் தம்பி ஒருவன் இருந்தான், சாமுவேல், 1706-ல் பிறந்தவன். அதே அப்பா, அதே சாப்பாட்டு மேஜை, அதே கதைகள், அதே ஜெபம். அவன் ஹார்வர்ட் போனான், போதகரானான், அப்பா இறந்த மறுவருடம் (1729) அப்பாவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினான். ஒரே உள்ளீடு, இரண்டு வெளியீடு. வளர்ப்பு முறைதான் எல்லாம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு பையன்களையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிக் காட்ட வேண்டும்.

கிரெஸி கடலுக்குப் போனான். 1724 ஆகஸ்டில் பாஸ்டனுக்குச் செய்தி வருகிறது: பார்படோஸிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து பக்கம் கிளம்பிய கப்பல் ஐந்து மாதமாகியும் போய்ச் சேரவில்லை. வயது 25. அற்ப ஆயுசு பற்றி மிரட்டி எழுதிய அப்பா, இப்போது டைரியில் மகன் பெயரைச் சொல்லி அழுகிறார். 15 பிள்ளைகளில் அவருக்குப் பின் உயிரோடு இருந்தது இரண்டு பேர்தான்.

அந்த 1724-லேயே, வருட ஆரம்பத்தில், மேதரைப் பார்க்க ஒரு 18 வயதுப் பையன் வந்தான். பக்தியான பாஸ்டன் வீட்டுப் பிள்ளை, அண்ணனிடம் எழுதிக்கொடுத்த வேலை ஒப்பந்தத்தை உடைத்துவிட்டுப் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனவன். அந்த அண்ணன் நடத்திய பத்திரிகை மேதரைக் கிழி கிழி என்று கிழித்தது வேறு. மேதர் அவனைத் தன் நூலகத்தில் உட்காரவைத்துப் பேசினார். கிளம்பும்போது குறுக்குவழி ஒன்றைக் காட்டிப் பின்னாலேயே வந்தவர், குனி, குனி என்று எச்சரித்தார். பையனுக்குப் புரிவதற்குள் தலை உத்தரத்தில் மோதிவிட்டது. சின்ன வயசு, உலகத்தில் இப்படிக் குனிந்து போகப் பழகு, நிறைய அடி மிச்சமாகும் என்றாராம். 60 வருடம் கழித்து, 1784-ல், அந்தப் பையன் இந்தச் சம்பவத்தை நன்றியோடு ஒரு கடிதத்தில் எழுதினான். எழுதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். கடிதம் போனது சாமுவேல் மேதருக்கு.