கடிதத்தின் தலையும் வாலும்

கடிதம் எழுதுவோரில் பலர் நடுவில் வரும் சமாசாரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். முதல் வரியையும் கடைசி வரியையும் கை தானாகவே எழுதிவிடுகிறது. ஆனால் எழுதுகிறவர் தம்மை யாராக எண்ணுகிறார், பெறுகிறவரை எப்படி மதிக்கிறார் என்பதை அந்த இரண்டு வரிகளே சொல்லிவிடுகின்றன.

நம் முன்னோர் இதை நன்றாய் அறிந்திருந்தார்கள். பிள்ளையார் சுழி போட்டு, பெரியவர்களுக்கு 'அநேக நமஸ்காரம்' என்றும், இளையவர்களுக்கு 'ஆசீர்வாதம்' என்றும் ஆரம்பிப்பார்கள். 'இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று விசாரித்த பிறகு, 'நிற்க' என்னும் ஒரே சொல்லால் விஷயத்துக்குத் திரும்புவார்கள். சுபச் செய்தியானால் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். எழுத்தறியாத பாட்டியும் அதைக் கண்டதுமே முகம் மலர்வாள். மரணச் செய்தியையோ படித்தவுடன் கிழித்துவிடுவார்கள், வீட்டில் வைப்பதில்லை.

ஆங்கில ஆட்சியோடு வேறொரு வாசகம் வந்து சேர்ந்தது. 'தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்பதே அது. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உத்தியோகக் கடிதங்களிலும் இதே வாசகந்தான் இருந்தது. மேலதிகாரி தமக்குக் கீழே உள்ளவருக்கு எழுதும்போதுகூட இப்படிக் கையெழுத்திடுவதுண்டு. அவர்களுக்கு அது வெறும் சம்பிரதாயம். குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்ட நம்மவர்களுக்கோ அது உண்மையாகவே ஆகிவிட்டது!

இந்த வழக்கத்துக்கு நேர் மாறான ஒரு கடிதத்தை 1930-ஆம் வருஷம் மார்ச் 2-ஆம் தேதி காந்தி மகான் எழுதினார். பெற்றவர் வைஸ்ராய் இர்வின் பிரபு. கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரேனால்ட்ஸ் என்னும் ஆங்கில இளைஞர். பிரிட்டிஷ் ஆட்சி ஒரு சாபக்கேடு என்று அதில் கண்டிருந்தது. வைஸ்ராயின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய். அதாவது தினம் சுமார் 700 ரூபாய். இந்தியனின் சராசரி வருமானமோ நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 அணா. இந்தக் கணக்கையும் எடுத்துக்காட்டி, கோரிக்கைக்கு இணங்காவிட்டால் உப்புச் சட்டத்தை மீறப்போவதாகவும் அறிவித்திருந்தார்.

இவ்வளவு கடுமையான கடிதம் எப்படி ஆரம்பமாயிற்று? 'அன்புள்ள நண்பரே' என்று! எப்படி முடிந்தது? 'தங்கள் உண்மை நண்பன்' என்று! 'மேன்மை தங்கிய' என்ற அடைமொழியும் இல்லை. 'ஊழியன்' என்ற தாழ்மையும் இல்லை. அதற்காக வசைமொழியும் இல்லை. வைஸ்ராயின் காரியதரிசி வருத்தம் தெரிவித்துச் சுருக்கமாய்ப் பதில் எழுதினார். மார்ச் 12-ஆம் தேதி தண்டி யாத்திரை புறப்பட்டுவிட்டது.

அதே கைதான் ஆசிரமத்துக் குழந்தைகளுக்கு எழுதும்போது 'பாபுவின் ஆசீர்வாதம்' என்று முடித்தது.

மரியாதை வேறு, அடிமைத்தனம் வேறு. பெரியவர்களுக்கு நமஸ்காரம் எழுதுவதால் நாம் தாழ்ந்துபோவதில்லை. ஆனால் நம் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விண்ணப்பம் எழுதுகையில், 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று இன்றும் முடிக்கக் காண்கிறோம். 'தங்கள் அன்புள்ள மாணவன்' என்று எழுதினால் எந்த ஆசிரியர்தான் விடுமுறை கொடுக்க மறுப்பார்?