உங்களுக்குத் தெரியுமா? காக்கி, கால்நடை, கட்சி!

கர்நாடகத்தில் ஐ.பி.எஸ். வேலையை 2019-இல் உதறிவிட்டு, கரூர்ப் பக்கம் ஆடு வளர்த்து, 2020-இல் பா.ஜ.க.வில் சேர்ந்த அண்ணாமலையை எதிர்முகாம் ‘ஆட்டுக்குட்டி’ என்று கேலி செய்தது ஊரறிந்த கதை. அதே வழியில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போனவர் கனடாவின் ஜான் ஹெரன். எல்லைப்புறச் சாராய வியாபாரிகளை ஒடுக்க 1874-இல் மேற்கே புறப்பட்ட வடமேற்குக் குதிரைப் போலீஸ்காரர்களில் ஒருவர். படை தொடங்கி ஒரு வருடம்தான்; தீவனமும் தண்ணீரும் கிடைக்காமல் வழியிலேயே குதிரைகள் செத்து விழுந்தன. பிறகு ராக்கி மலையடிவாரத்துப் பின்சர் கிரீக்கில் மாட்டுப்பண்ணை வைத்தார். நம்மூர்த் தொழுவம் அல்ல, கண்ணுக்கெட்டிய தூரமும் மேய்ச்சல்! கன்சர்வேட்டிவ் கட்சிக்காரராக 1904-இலும் 1908-இலும் நாடாளுமன்றத்துக்கு வென்றார், 1911-இல் தோற்றார். அண்ணாமலைக்கோ 2021 அரவக்குறிச்சி, 2024 கோவை இரண்டுமே கைகூடவில்லை.