மழை பெய்தால் அம்பாங் மலையில் என்ன நடக்கிறது?

அம்பாங் என்ற ஊர்ப்பெயருக்குள்ளேயே ஓர் அணை இருக்கிறது. மலாய் மொழியில் 'எம்பாங்' என்றால் நீரைத் தடுத்துத் தேக்குவது. 1857இல் ராஜா அப்துல்லா ஈயம் தேடி அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகில் வந்தனர். கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்தில் இறங்கி, காட்டு வழியாக நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஈய மணலைக் கழுவ நிறைய நீர் வேண்டும். அதற்காக ஓடைகளை மறித்துக் கட்டிய அணைகளே ஊருக்கு இந்தப் பெயரைத் தந்தன என்று சொல்லப்படுகிறது.

இன்று அம்பாங்கின் மலைகளும் ஓடைகளும் நீர்த்தேக்கமும் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பள்ளி விடுமுறையில் தேடிப் போகும் இடங்கள். மலையேறலாம், ஓடையில் குளிக்கலாம், உச்சியில் நின்று நகரத்தைப் பார்க்கலாம். மாணவர்களே, அடுத்த முறை அங்கே போகும்போது ஒரு கேள்வியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இந்த மலையில் விழும் மழை எங்கே போகிறது? எவ்வளவு வேகமாகப் போகிறது? உங்கள் வீட்டுக் குழாய்க்கும், ஓடையில் குளிப்பவரின் உயிருக்கும், மலைச்சரிவில் நிற்கும் வீட்டுக்கும் இந்தக் கேள்வியோடு தொடர்பு உண்டு.

படிகக்கல் மதிலும் அதன் வாசலும்

தாமான் மெலாவாத்தி பக்கம் போனால், வீடுகளுக்குப் பின்னால் முதலையின் முதுகு போன்ற ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் மலைத்தொடர். ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இது, உலகின் மிக நீளமான குவார்ட்ஸ் தொடர்களில் ஒன்று. மலையேறுவோருக்குத் தெரிந்த புக்கிட் தாபுர் இதன் ஒரு பகுதிதான்.

இந்த மதில் எப்படி உருவானது? தீபகற்ப மலேசியாவின் நடு மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட் பாறையால் ஆனது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் அந்தப் பாறை நீண்ட கோடாகப் பிளந்தது. சிலிக்கா கரைந்திருந்த கொதிநீர் அந்தப் பிளவுக்குள் ஏறியது. நீர் குளிரக் குளிர, சிலிக்கா குவார்ட்ஸ் படிகமாகப் படிந்து பிளவை அடைத்தது. அதே போன்ற கொதிநீர்தான் கிரானைட்டின் விரிசல்களில் ஈயத்தாதுவையும் சேர்த்து வைத்தது. பின்னர் மழை அந்தத் தாதுவை அரித்து ஆற்று மணலில் சேர்த்தது. அதைத் தேடித்தான் 1857இல் அந்த 87 பேர் வந்தார்கள்.

பிளவுக்குள் இருந்த குவார்ட்ஸ் இன்று மலையாக உயர்ந்து நிற்பதற்கும் மழைதான் காரணம். கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நிறைய உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் அது மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸ் அப்படி மாறுவதில்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7 புள்ளி. சாதாரணக் கத்தியால் அதைக் கீற முடியாது. சுற்றியிருந்த கிரானைட் சிதைந்து அடித்துச் செல்லப்பட, குவார்ட்ஸ் மட்டும் மதிலாக எஞ்சியது. மண் மிகக் குறைவான அந்தப் பாறையில், வேறெங்கும் இயற்கையாக வளராத சில செடிகள் வளர்கின்றன. செங்குத்துப் பாறைகளில் ஏறவல்ல சேரோ என்ற காட்டாடும் அங்கே வாழ்கிறது.

இந்த மதிலை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு கிள்ளான் ஆறு வெளியே வருகிறது. பார்க்க ஒரு வாசல் போல இருப்பதால் அதற்குக் 'கேட்ஸ்' என்று பெயர் வந்தது. இருபுறமும் உறுதியான பாறை, நடுவில் குறுகிய வழி, பின்னால் அகன்ற பள்ளத்தாக்கு. அணை கட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1950களின் இறுதியில் இங்கே கிள்ளான் கேட்ஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது.

அணையின் வடிவத்தைக் கவனியுங்கள். அது நேர்ச்சுவர் அல்ல. நீர் இருக்கும் பக்கமாக வளைந்திருக்கும். இதன் காரணத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஓர் அட்டையை இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே நேராக நிறுத்தி, நடுவில் விரலால் தள்ளுங்கள். அட்டை உடனே மடங்கும். அதையே உங்கள் பக்கம் சற்று வளைந்து நிற்குமாறு வைத்துத் தள்ளுங்கள். இப்போது அது தாங்கும். வளைவு, உங்கள் விரலின் விசையை இரு பக்கப் புத்தகங்களுக்கும் கடத்திவிடுகிறது. அணையும் இப்படித்தான் நீரின் விசையைப் பக்கத்துப் பாறைகளுக்குக் கடத்துகிறது. அந்த விசை சிறியதன்று. 10 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் சுமார் 10 டன் எடைக்குச் சமமான விசையோடு நீர் தள்ளுகிறது.

குடிநீர் நீர்த்தேக்கம் என்பதால் அதில் இறங்கக் கூடாது; தூர நின்று பார்ப்பதோடு சரி. புக்கிட் தாபுரில் ஏற வன இலாகாவின் அனுமதி வேண்டும். அங்கே விழுந்து உயிரிழந்தவர்களும் உண்டு. பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்து, பெரியவர்களோடும் வழிகாட்டியோடும் மட்டுமே செல்லுங்கள்.

காடு என்னும் மெதுவாக்கி

நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு வெறும் அழகுக்காக விடப்பட்டதன்று. 2007இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட சிலாங்கூர் மாநிலப் பூங்கா ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான பரப்புடையது. அந்தக் காட்டின் பெரிய பணி, நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காப்பது.

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். இவ்வளவு மழையும் வெறும் மண்ணில் விழுந்தால் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். காட்டில் அது முதலில் இலைகளில் விழுகிறது. கிளை வழியே வடிகிறது. தரையில் கிடக்கும் சருகு மெத்தையில் ஊறுகிறது. வேர்களும் புழுக்களும் உண்டாக்கிய துளைகள் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. பிறகு நாள் கணக்கில் சிறிது சிறிதாக ஓடைக்குக் கசிகிறது. மழை இல்லாத வாரத்திலும் ஓடையில் தெளிந்த நீர் ஓடுவது இதனால்தான்.

இதையும் சோதித்துப் பாருங்கள். இரண்டு நெகிழிப் புட்டிகளைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டியெடுங்கள். ஒன்றில் வெறும் மண்ணை நிரப்புங்கள். மற்றொன்றில் வேரோடு பெயர்த்த புல்லை மண்ணுடன் வைத்து, மேலே சருகு தூவுங்கள். வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி இரண்டையும் சாய்த்து, கீழே கண்ணாடிக் குவளை வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நீரை மெதுவாகத் தெளியுங்கள். எந்தக் குவளை முதலில் நிரம்புகிறது? எதில் நீர் கலங்கலாக இருக்கிறது? நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கல் நீரில் வரும் மண் நீர்த்தேக்கத்தின் அடியில் படியும். படியப் படிய, நீர் நிற்கும் இடம் குறையும்.

வெயிலடிக்கும்போதே வரும் வெள்ளம்

அம்பாங்கின் கிழக்கு ஓரத்தில் தாமான் ரிம்பா அம்பாங் உள்ளது. மலைச்சாலையைத் தாண்டி உலு லங்காட் பக்கம் இறங்கினால் சுங்கை சொங்காக், சுங்கை காபாய் நீர்வீழ்ச்சி ஆகியவை இருக்கின்றன. 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலையும் அந்தப் பக்கம்தான். விடுமுறை நாள்களில் இந்த ஓடைகளில் குடும்பம் குடும்பமாகக் குளிப்பார்கள். இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மலாய்ச் சொல் ஒன்று உண்டு: 'கெபாலா ஆயர்'. நேர்ப்பொருள் 'நீர்த்தலை'. மேலிருந்து திடீரெனப் பாய்ந்து வரும் வெள்ளத்தின் முன்பகுதியை அது குறிக்கும்.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். சில கிலோமீட்டர் மேலே மலையுச்சியில் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 1 சதுர கிலோமீட்டர் சரிவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 கோடி லிட்டர், அதாவது 50 மில்லியன் லிட்டர். இது ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் 20 நிரம்பும் அளவு. பாதியைக் காடு உறிஞ்சிக்கொண்டாலும், மீதி 10 குளத்து நீர் ஒரு குறுகிய ஓடை வழியாகத்தான் இறங்க வேண்டும். காட்டு மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் உறிஞ்சும் அளவு இன்னும் குறையும்.

நீரின் வேகம் இரு மடங்கானால், அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் முழங்கால் அளவு நீர்கூட ஒரு பெரியவரை வீழ்த்திவிடுகிறது. 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இப்படிப் பாய்ந்த வெள்ளம், மரங்களையும் பாறைகளையும் சேற்றையும் அடித்து வந்து உயிர்களைப் பறித்தது.

ஓடை முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த நீர் பழுப்பு நிறமாக மாறுவது, இலையும் சுள்ளியும் திடீரென நிறைய மிதந்து வருவது, நீர்மட்டம் உயர்வது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை முக்கியமானவை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். பையையும் காலணியையும் விட்டுவிட்டு, பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏறுங்கள். ஓடை வழியாகவே கீழ்நோக்கி ஓடாதீர்கள். வெள்ளம் உங்களைவிட வேகமானது. அக்கரையில் இருந்தால் அங்கேயே மேட்டில் இருங்கள். கடந்து வர முயல வேண்டாம். அவசர உதவிக்கு 999.

நம் பகுதியில் காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமழையாகக் கொட்டுவது வழக்கம். மலைகள் காற்றை மேலும் உயர்த்துவதால் அங்கே மழை இன்னும் எளிதாகத் திரளும். ஆகவே ஓடைக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்புவது நல்லது. உடம்பில் ஆறாத காயம் இருந்தால் நீரில் இறங்க வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் கிருமி காயம் வழியே உடலில் நுழையக்கூடும்.

உச்சியிலிருந்து தெரியும் பாடம்

அம்பாங்கிலிருந்து உலு லங்காட் செல்லும் மலைச்சாலையில் நகரத்தைப் பார்க்கும் இடம் உண்டு. இருட்டியதும் கோலாலம்பூர் முழுவதும் விளக்குகளாகத் தெரியும். அங்கே பகலில் நின்று, கீழே உள்ள சரிவுகளையும் பாருங்கள். காடு எங்கே முடிகிறது, கட்டடங்கள் எங்கே தொடங்குகின்றன?

உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற மூன்று 12 மாடிக் கட்டடங்கள் இருந்தன. 1993 டிசம்பர் 11 அன்று, தொடர் மழைக்குப் பின் அவற்றுள் ஒன்று சரிந்து விழுந்தது. 48 பேர் இறந்தனர். பின்னாலிருந்த சரிவில் மரங்கள் அகற்றப்பட்டிருந்தன. அங்கு ஓடிய சிற்றோடை திருப்பப்பட்டிருந்தது. நீர் சரியாக வடிய வழியின்றி மண் ஊறியது, தடுப்புச்சுவர்கள் பெயர்ந்தன, மண் நகர்ந்து கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. 2008 டிசம்பரில் அருகிலுள்ள புக்கிட் அந்தாராபங்சாவிலும் நிலச்சரிவு உயிர்களைப் பலி வாங்கியது.

கடற்கரையில் மணல்வீடு கட்டியவர்களுக்கு இதன் இயற்பியல் புரியும். சற்று ஈரமான மணல் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீர் அதிகமானால் துகள்களுக்கு இடையில் நீர் நிரம்பி அவற்றைப் பிரித்துத் தள்ளும், உராய்வு குறையும், வீடு சரியும். கிரானைட் சிதைந்து உண்டான மண் போர்த்திய மலைச்சரிவிலும் இதுவே நடக்கிறது. எனவே சரிவில் உள்ள வடிகால் அடைபடாமல் இருப்பது உயிர் காக்கும் விஷயம். சரிவில் புதிய விரிசல், சாயத் தொடங்கிய மரங்கள், தடுப்புச்சுவரிலிருந்து கசியும் கலங்கல் நீர் ஆகியவற்றைக் கண்டால் ஊராட்சி மன்றத்துக்குத் தெரிவிக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

மலையில் தங்காத நீர் கீழே நகரத்துக்கு வந்து சேரும். கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடும் இடத்துக்கு அருகே ஸ்மார்ட் சுரங்கத்தின் நுழைவாய் இருக்கிறது. 2007இல் திறக்கப்பட்ட இது 9.7 கிலோமீட்டர் நீளமானது. பெருமழையில் ஆற்று வெள்ளத்தை நகர மையத்துக்குள் விடாமல் நிலத்தடியில் திருப்பி அனுப்புகிறது. மற்ற நேரங்களில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடுகின்றன. மலைக்காடு இலையாலும் சருகாலும் வேராலும் செய்யும் வேலையின் ஒரு பங்கை, நகரம் இரும்பாலும் சிமெண்டாலும் செய்துகொள்கிறது.

அடுத்த விடுமுறைப் பயணத்தில் ஒரு குறிப்பேட்டையும் கொண்டு போங்கள். ஓடை நீரின் நிறம், முந்தின நாள் மழை பெய்ததா, கரையில் சருகு இருக்கிறதா, அருகில் வெட்டப்பட்ட சரிவு உண்டா என்று எழுதுங்கள். வேறொரு நாளில் அதே இடத்துக்குப் போய் ஒப்பிடுங்கள். மழைக்கு மறுநாளும் நீர் தெளிவாக ஓடினால், மேலே காடு நன்றாக இருக்கிறது என்று கருதலாம். சிறு மழைக்கே நீர் சேறாக வந்தால், மேலே எங்கோ மண் திறந்து கிடக்கிறது. அது எங்கே என்று ஆசிரியரோடு சேர்ந்து வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.