கீரிமலையில் கரையும் கல், திருகோணமலையில் நிற்கும் கல்

கடல்தான் கரையை அரிக்கிறது என்கிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி கல்லுக்குள் இருக்கிறது.

கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட கரையில் ஓங்கல்களின் உயரம் சில மீற்றர்தான். அடி குடையப்பட்டு, மேற்பக்கம் தாழ்வாரம் போலக் கடலுக்கு மேலே நீட்டி நிற்கும். திருகோணமலையில் கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையோ ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுகிறது. மார்கழி வாடையில் இரண்டு கரையிலும் அலை அடிக்கிறது. ஆனால் கல் வேறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல், மயோசின் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். சிப்பிகளும் முருகைகளும் இறுகி உண்டானது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமிருந்து காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலத்தில் சுண்ணாம்புக்கல் கரைந்துவிடும். அந்தக் கரையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் கல்லின் மேற்பரப்பு ஊசி ஊசியாகக் குத்துவது தெரியும். அந்த முனைகளைச் செதுக்கியதில் இந்தக் கரைதலுக்குப் பெரும் பங்கு உண்டு. கடற்சாரலின் உப்பு கல்லின் நுண்துளைகளில் காய்ந்து பளிங்காக வளரும்போது, கல் உள்ளிருந்தே பொடியாகிறது. நீர்மட்டத்தில் ஒட்டி வாழும் சிறு உயிரினங்களும் கல்லைச் சுரண்டுகின்றன. இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் இந்த வேலையெல்லாம் ஒரு ஒடுங்கிய பட்டியிலேயே நடந்து, ஓங்கலின் அடியில் ஆழமான வெட்டு விழுகிறது. கூரை பாரம் தாங்காத நாளில் பெரிய துண்டாக உடைந்து விழும்.

கீரிமலைக் கேணியில் ஊறும் நன்னீரும் இதே கதையின் இன்னொரு பக்கம். கல்லுக்குள் கரைந்து உண்டான வழிகளால் மழைநீர் ஓடிவந்து கடலோரத்தில் வெளியேறுகிறது. புத்தூர் நிலாவரையும் அப்படிக் கரைந்து உள்ளீடற்றுப்போன நிலத்தின் பிள்ளைதான்.

சுவாமி மலையின் கல் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. மழைநீரில் அது இலேசில் கரையாது. அதன் பலவீனம் மூட்டுக்கள் எனப்படும் வெடிப்புகளில் இருக்கிறது. இராவணன் வெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படியொரு மூட்டு அகன்றதாகவே தோன்றும். வாளின் கதை அதற்காகப் பொய்யாகிவிடவும் வேண்டாம்.

வலிகாமம் வடக்கில் இந்தக் கல்லை நாமும் வெட்டினோம். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இதைத்தான் அரைத்தது. 1990இல் சனம் இடம்பெயர்ந்தபின் பல கரைகளில் நடக்க ஆளிருக்கவில்லை. இப்போது திரும்பியவர்கள் பழைய காணியைத் துப்புரவாக்கி மதில் கட்டுகிறார்கள். இத்தனை வருடங்களில் கல் தன் வேலையை நிறுத்தவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மேலே நின்று பார்த்தால் நிலம் உறுதியாகவே தெரியும். அலை அடங்கிய நாளில் படகிலிருந்து பாருங்கள்: அடிவெட்டு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். விளிம்புக்குச் சமாந்தரமாக நிலத்தில் வெடிப்பு ஓடினால், வெடிப்புக்குக் கடற்பக்கம் உள்ள துண்டு ஏற்கெனவே கழன்று கொண்டிருக்கிறது. அத்திவாரத்தை அதிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியே போடுங்கள்.