அடுப்பில் இருக்கும் இரண்டு ஊசிகள்

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களுக்கு விடியுமுன்பே நாள் தொடங்கிவிடும். பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்கு ஓடுவதற்குள் கோப்பி கலக்கியாக வேண்டும். அந்த இருட்டில் விறகடுப்பைப் புதிதாக மூட்ட நேரம் ஏது? அதனால் இரவே தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். காலையில் சாம்பலை விலக்கி, இரண்டு சுள்ளியை வைத்து ஊதினால் தீ எழுந்துவிடும்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலைகளில் இதே வேலையைப் ‘பைலட்’ என்ற சிறு சுடர் செய்தது. இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். வீடு குளிர்ந்து பெரிய வால்வு திறந்ததும், பாய்ந்து வரும் கேஸைப் பற்றவைக்கும். வீட்டைச் சூடாக்கும் தேவை நமக்கில்லை. ஆனால் நம் ஊர் உணவகங்களில் பெரிய குவாலி அடுப்புக்கு அடியில் எட்டிப் பாருங்கள், விரல் நீளத்தில் ஒரு நீலச் சுடர் ஓயாமல் நின்று எரியும். அதுதான் பைலட்.

வசதிதான், ஆனால் அதற்கும் செலவு உண்டு. அப்படி ஒரு சுடர் மணிக்குப் பத்து கிராம் கேஸ் குடிப்பதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு 240 கிராம். 14 கிலோ தோங் ஒன்று, ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கொதிக்காமல், 58 நாளில் காலியாகிவிடும். வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பும் இன்றுவரை அணையாமல் எரிகிறது. அது பசித்தவர்களுக்குச் சோறு ஆக்குகிறது. பைலட் எரிவது பெரும்பாலும் வெறுமனே. அமெரிக்காவில் மின் இணைப்புள்ள வீட்டு கேஸ் அடுப்புகளில் 1990 முதலும், மற்ற வீட்டு அடுப்புகளில் 2012 முதலும் பைலட்டைத் தடை செய்தார்கள்.

தீப்பொறி தட்டுவதுதான் மாற்று வழி. அது எளிதாகவே கிடைத்துவிட்டது. சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். நம் வீட்டு அடுப்பின் குமிழைத் திருகும்போது ‘டக்’ என்று கேட்கிறதே, அது உள்ளே ஒரு சிறு சுத்தி பீங்கான் போன்ற துண்டை அடிக்கும் ஓசை. அந்த ஓர் அடியில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து, சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்கிறது.

கடினமான கேள்வி அடுத்துதான் வந்தது. தீ பற்றியதா, இன்னும் எரிகிறதா என்று யார் பார்ப்பது?

பைலட்டுக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு காவலாளி இருந்தது. அதன் பெயர் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்கள் சேரும் முனையைச் சூடாக்கினால் மின்சாரம் ஓடும். 1821-இல் சீபெக் என்ற அறிவியலாளர் கண்டது இது. கிடைப்பது சுமார் 30 மில்லிவோல்ட், டார்ச் பேட்டரியின் ஐம்பதில் ஒரு பங்கு. வால்வை இழுத்துத் திறக்க அந்தப் பலம் போதாது. திறந்த வால்வைப் பிடித்து வைத்திருக்க மட்டும் போதும். சுடர் அணைந்தால் முனை ஆறும், பிடி விடும், வால்வு மூடிக்கொள்ளும்.

உலைகளில் பைலட்டுக்குப் பதிலாக வந்த மின்னணுப் பற்றவைப்பு வேறொரு சாட்சியைக் கண்டுபிடித்தது: சுடரையே. எரியும் சுடர் மின்சாரத்தைக் கடத்தும். சுடருக்குள் நீட்டிய மெல்லிய கம்பிக்கும் பெரிய பர்னருக்கும் நடுவே மாறுமின்னோட்டம் கொடுத்தால், ஒரு திசையில் மட்டும் அது கூடுதலாக ஓடும். அளவு சில மைக்ரோஆம்பியர்தான். ஈரத்தின் வழியாகக் கசியும் மின்சாரமோ இரு திசையிலும் ஒரே அளவாக ஓடும்; ஆகவே இந்தச் சாட்சியை ஏமாற்றுவது கடினம். சுடர் தெரியாவிட்டால் சில நொடிகளில் கேஸ் நின்றுவிடும்.

நம் வீடுகளுக்கு வருவோம். மேசையடுப்புகள் பலவற்றில் பொறி தட்டும் ஊசி உண்டு, காவலாளி கிடையாது. பின்கதவு வழியே மழைக்காற்று அடித்துத் தீ அணைந்தாலும், கஞ்சி பொங்கி அணைத்தாலும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும்.

பர்னரை ஒருமுறை குனிந்து பாருங்கள். வெள்ளைப் பீங்கான் சுற்றிய ஊசி பொறிக்கானது. அருகில் உலோக முனையுள்ள இன்னொன்று இருந்தால் உங்கள் அடுப்பில் தெர்மோகப்பிள் இருக்கிறது. அத்தகைய அடுப்பில் தீ பற்றியபின்னும் சில நொடி குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும்; முனை சூடேறும்வரை வால்வைத் திறந்து வைத்திருப்பது உங்கள் கைதான். இதை அறியாமல் “அடுப்பு கெட்டுப்போச்சு” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

ஒரே ஊசிதான் இருக்கிறதென்றால், பால் காயும்போது அடுப்பை விட்டு நகராதீர்கள். கேஸ் வாடை வந்தால் விளக்கு, காற்றாடி சுவிட்சைத் தொடாமல் தோங்கை மூடிக் கதவைத் திறந்துவிடுங்கள். அடுத்த அடுப்பு வாங்கும்போது இரண்டாவது ஊசி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.