பச்சைச் சல்சா தயாரித்தலும் புட்டியிலடைத்தலும்

தோட்டத்து விளைவை வீணாகாமல் பக்குவஞ் செய்து வைத்துக்கொள்வது குடும்பத்திற்குச் சிக்கனமும் சங்கத்திற்கு வருவாயும் தரத்தக்க தொழிலாகும். மெக்ஸிகோ தேசத்தாரின் பச்சைச் சல்சா இவ்வகைப் பதார்த்தங்களுள் ஒன்று. சல்சா என்பது ஸ்பானிஷ் மொழியில் தொட்டுக்கொள்ளும் குழம்பைக் குறிக்கும் சொல். பச்சைச் சல்சாவை நமது துவையலுக்கு ஒப்பிடலாம். இதைச் செய்வது எளிது. புட்டியிலடைத்து மாதக்கணக்கில் வைப்பதோ மிகுந்த கவனத்தை வேண்டுவது. அக்கவனம் எவ்விடத்தில், ஏன் வேண்டும் என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு மூலப்பொருள் தொமாத்தியோ என்னும் காய். நமது வயல் வரப்புகளில் தானே முளைக்கும் சொடக்குத் தக்காளியின் நெருங்கிய இனம் இது. சிறுவர்கள் நெற்றியில் தட்டிச் சொடக்கும் காகிதம் போன்ற அந்த உறை இதற்கும் உண்டு. ஸ்பானியர் வருமுன்னரே மெக்ஸிகோ மக்கள் இதைப் பயிர் செய்தனர். நமது சமையலில் நீங்கா இடம் பெற்ற மிளகாயும் அப்பகுதியிலிருந்து போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டிற்கு வந்ததே. மெக்ஸிகோ மக்கள் இவ்விரண்டையும் எரிமலைக் கல்லாலான குழிவான உரலில் அரைத்து உடனே உண்பர். புட்டியிலடைத்துச் சேமிக்கும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குடும்பங்களில் பெரிதும் வளர்ந்தது. தொமாத்தியோ கிடையாத இடத்தில் பழுக்காத பச்சைத் தக்காளியை அதே அளவில் சேர்க்கலாம்.

நம்மவர் ஊறுகாயை உப்பினாலும் எண்ணெயினாலும் காக்கிறார்கள். சல்சாவில் உப்புச் சொற்பம். எண்ணெய் சிறிதும் இல்லை. இதைக் காப்பவை புளிப்பும் சூடும் மட்டுமே. மண்ணில் எங்கும் பரவியுள்ள பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துக்கள் கொதிக்கும் ஜலத்திலும் சாவதில்லை. காற்றில்லாத மூடிய புட்டியில், புளிப்புக் குறைந்த உணவில், அவை முளைத்துக் கொடிய விஷத்தை உண்டாக்கும். அமில அளவுமானம் 4.6 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் அவை முளைக்கமாட்டா. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும் என்பதை நினைவிற் கொள்க. மிளகாய், வெங்காயம், பூண்டு ஆகியவை புளிப்பற்றவை. ஆகவே எலுமிச்சஞ்சாறே இப்பதார்த்தத்தின் காவல்.

இது வீண் அச்சமன்று. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்துப் பான்டியாக் நகரில், ஓர் உணவு விடுதியில் காரக் குழம்பு உண்ட 59 பேர் இவ்விஷத்தால் நோயுற்றனர். முறை தவறிப் புட்டியிலடைத்த மிளகாயே அதற்குக் காரணமாயிற்று. பார்வை இரட்டையாகத் தெரிதல், கண்ணிமை தொங்குதல், விழுங்க முடியாமை, பின்னர் மூச்சுத் திணறல் ஆகியவை இந்நோயின் குறிகள். கண்டவுடன் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சாமான்களின் அளவு பின்வருமாறு. எல்லாவற்றையும் ஒரே கோப்பையால் அளக்கவும். கோப்பை 240 மில்லி லிட்டர் கொள்ளவேண்டும். நறுக்கிய தொமாத்தியோ அல்லது பச்சைத் தக்காளி 5 கோப்பை. விதை நீக்கி நறுக்கிய காரங்குறைந்த நீண்ட பச்சை மிளகாய் 1½ கோப்பை. விதை நீக்கிப் பொடியாய் நறுக்கிய கார மிளகாய் ½ கோப்பை. நறுக்கிய வெங்காயம் 4 கோப்பை. புட்டியில் விற்கும் எலுமிச்சஞ்சாறு 1 கோப்பை. பூண்டு 6 பல். சீரகப்பொடி 1 மேஜைக்கரண்டி. உலர்ந்த ஒரெகானோ இலை 3 மேஜைக்கரண்டி. உப்பு 1 மேஜைக்கரண்டி. மிளகுப்பொடி 1 தேக்கரண்டி. இவ்வளவில் சுமார் 5 பைண்ட் சல்சா கிடைக்கும்.

காயின் உறையை நீக்கி, மேலுள்ள பிசின் போகக் கழுவவும். நீண்ட மிளகாயைத் தணலில் வாட்டித் தோலை உரிக்கவும். மிளகாய் நறுக்குபவர் கையுறை அணிதல் நலம். யாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் சேர்த்துக் கிளறிக் கொதிக்கவைத்து, பின்பு தணலைக் குறைத்து 20 நிமிஷம் வேகவிடவும். கழுவிச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் புட்டிகளில் சூட்டோடு ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விடவும். காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, வாய் விளிம்பைத் துடைத்து, இதற்கென விற்கும் புதிய உலோக மூடியை இடவும். ஒருமுறை உபயோகித்த மூடி மறுமுறைக்கு ஆகாது.

பின்பு புட்டிகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் இறக்கவும். மூடிக்கு மேல் ஓர் அங்குலமாவது ஜலம் நிற்கவேண்டும். ஜலம் நன்கு கொதித்தது முதல் நிமிஷங்களை எண்ணவும். கடல் மட்டத்திலிருந்து 1,000 அடி உயரம் வரை 15 நிமிஷம். 1,001 முதல் 6,000 அடி வரை 20 நிமிஷம். அதற்கு மேல் 25 நிமிஷம். உயரம் ஏற ஏற ஜலம் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் இவ்வேற்றத்தாழ்வு. மதுரையில் 15 நிமிஷம் போதும். கோயம்புத்தூரில் 20 நிமிஷம் வேண்டும். உதகமண்டலத்தில் 25 நிமிஷம் வேண்டும். எடுத்த புட்டிகளை 12 மணி நேரம் அசையாமல் வைத்து, மூடியின் நடு உட்குழிந்திருக்கிறதா என்று பார்க்கவும். குழியாத புட்டியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில தினங்களில் உண்டு தீர்க்கவும்.

அங்கத்தினர்கள் மறவாது அனுசரிக்க வேண்டிய விதிகள் சில உள. எலுமிச்சஞ்சாற்றைக் குறைக்கக் கூடாது. மரத்துப் பழத்தின் புளிப்பு பழத்திற்குப் பழம் வேறுபடும். புட்டிச் சாற்றின் புளிப்போ ஒரே சீராக இருக்கும். ஆதலாற்றான் புட்டிச் சாறு விதிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் காடி சேர்த்தால் புளிப்புக் குறைந்துவிடும். மிளகாயின் வகையை மாற்றலாம். மொத்தம் 2 கோப்பைக்கு மேற்படலாகாது. வெங்காயத்தையும் பூண்டையும் கூட்டலாகாது. எண்ணெய், மாவு ஆகியவற்றைச் சேர்க்கலாகாது. உலர்ந்த வாசனைப் பொருள்களை மட்டும் ருசிக்கேற்பக் குறைக்கலாம். கொத்தமல்லித் தழை விரும்புவோர் பரிமாறும்போது தூவிக்கொள்க. புளிப்பு அதிகமென்று தோன்றினால் உண்ணும்போது சிறிது சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு புட்டியிலும் செய்த தேதியை எழுதி, வெளிச்சமில்லாத குளிர்ந்த இடத்தில் வைத்து ஓராண்டுக்குள் உபயோகிக்கவும். மூடி உப்பியிருந்தாலும், கசிந்தாலும், திறக்கையில் பீறிட்டாலும் நாவில் வைத்துப் பாராமல் அப்புறப்படுத்தவும். இவ்விஷம் சிலசமயம் நாற்றமோ நிறமாற்றமோ காட்டாது. ஆகையால் மூக்கையும் நாக்கையும் நம்பாமல் அளவுகோப்பையையும் கடிகாரத்தையும் நம்புவதே அறிவுடைமை.

பாத்திரமும் புட்டியும் ஒரு குடும்பத்திற்குச் செலவு மிகுந்தவை. சங்கம் ஒரு தொகுதி வாங்கி முறைவைத்து உபயோகித்தால் பலருக்கும் பயன்படும். விற்பனை செய்ய எண்ணும் சங்கங்கள் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ முன்னரே பெறவேண்டும். முதன்முறை ஐந்தே புட்டிகள் செய்து பழகுக. கை தேர்ந்தபின் பெருக்கலாம். ஆனால் எத்துணைத் தேர்ந்தாலும் சாற்றின் அளவை மட்டும் கைக்கணக்கிற்கு விடலாகாது.