ஏஐ ஏஜென்ட் தப்பா பதில் சொல்லுதா? முதல்ல டூல் விளக்கத்தைப் படிச்சுப் பாருங்க

கொச்சி தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கொஞ்ச நேரம் நின்றால், மலையாளத்தோடு குமரி மாவட்டத் தமிழும் காதில் விழும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பல வருஷமாக இங்கிருந்தும் கடலுக்குப் போகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு படகு உரிமையாளருக்காக நீங்கள் ஒரு ஏஐ ஏஜென்ட் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்குப் போலாமா? எந்தப் பக்கம் மீன் இருக்கு?" என்று அவர் வாட்ஸ்அப்பில் கேட்பார். தகவலுக்குப் பஞ்சமில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. அலை உயரத்தையும் முன்கூட்டியே சொல்கிறது. புயல், பலத்த காற்று எச்சரிக்கை வானிலை ஆய்வு மையத்திலிருந்து வரும். இந்த மூன்றையும் மூன்று டூலாக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டீர்கள். அப்புறமும் பதில் தப்பாக வந்தால்?

மாடலுக்கு உங்கள் கோடு தெரியாது. டூலின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி முறையிலும் இதுதான் கதை. அதை வைத்தே எந்த டூலைக் கூப்பிடுவது, வந்த பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்று மாடல் முடிவு செய்கிறது.

நீங்கள் எழுதிய விளக்கம், "மீன் பகுதி விவரம் தரும்". எழுதிய உங்களுக்கு இது போதும். ஆனால் வானம் மேகமூட்டமாக இருந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் சரியாகத் தெரியாது. அறிவிப்பே வராமல் போகலாம். டூல் காலிப் பட்டியலைத் திருப்பும். ஏஜென்ட் கூசாமல் "இன்னைக்கு மீன் இல்லை" என்று சொல்லிவிடும். தூரம் '60' என்று மட்டும் வந்தால் இன்னொரு சிக்கல். அறிவிப்பில் இருப்பது கிலோமீட்டர். அதை நாட்டிகல் மைல் என்று எடுத்துக்கொண்டால் 111 கிலோமீட்டர் ஆகிவிடும். டீசல் செலவை நினைத்துப் பாருங்கள்.

எச்சரிக்கை டூல் காலியாக வந்தால் விஷயம் இன்னும் மோசம். எச்சரிக்கை இல்லை என்பதும், எச்சரிக்கை இன்னும் வந்து சேரவில்லை என்பதும் ஒன்றா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர் பகுதி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். தகவல் அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. செல்போன் சிக்னல் எட்டாத கடலிலும் எச்சரிக்கையைக் கொண்டுபோக 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது (கூகுள் ஜெமினி இல்லை, இது வேற).

ஆகவே விளக்கத்தை இப்படி மாற்றலாம்: "மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைத் தரும். மீன் இறங்குதளத்தின் பெயர் தேவை. தூரம் கிலோமீட்டரில், ஆழம் மீட்டரில். பட்டியல் காலியாக இருந்தால் மீன் இல்லை என்று பொருளல்ல. மேகமூட்டத்தாலோ தடைக்காலத்தாலோ அறிவிப்பு வெளியாகாமல் இருக்கலாம். கடலுக்குப் போவது பாதுகாப்பா என்பதற்கு எச்சரிக்கை டூலைப் பயன்படுத்து." இதைவிட நல்லது, 'அறிவிப்பு வெளியாகவில்லை' என்று டூலே திருப்பிச் சொல்வது. கோடில் சரிசெய்ய வேண்டியதை விளக்கத்தில் ஒட்டுப்போட்டு மறைக்கக் கூடாது.

சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?

படித்துப் பார்த்தால் மட்டும் தெரியாது. நிஜமாகவே கேட்கப்படும் 20, 30 கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். 'தோப்பும்படி' என்று ஒருத்தர் சொல்வார், 'கொச்சி ஹார்பர்' என்று இன்னொருத்தர் சொல்வார், இரண்டும் இருக்கட்டும். எந்த டூலும் தேவையில்லாத கேள்விகளையும் சேருங்கள். மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, அதனால் ஒவ்வொன்றையும் பல தடவை ஓட்டுங்கள். எந்த டூலைக் கூப்பிட்டது, என்ன உள்ளீடு கொடுத்தது, கடைசி பதில் சரியா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்கத்தை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கொஞ்சம் கேள்விகளைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில்தான் தொட வேண்டும். இல்லையென்றால் பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டுப் படித்த கதையாகிவிடும்.

ஆந்த்ரோபிக்கே இதில் மாட்டியிருக்கிறது. அவர்களின் கிளாட், இணையத்தில் தேடும்போது தேவையே இல்லாமல் '2025' என்று சேர்த்துத் தேடிக்கொண்டிருந்தது. நடந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்து, டூல் விளக்கத்தைத் திருத்தித்தான் சரிசெய்தார்கள்.

அதுக்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் வேண்டாம். நீளமான விளக்கத்துக்கு டோக்கன் செலவு ஏறும். ஒன்றுபோல் தெரியும் டூல்களைப் பிரித்துக் காட்டும் வரிதான் முக்கியம். ஜெரோதா 2025-ல் கொண்டுவந்த கைட் எம்சிபியில் ஹோல்டிங்ஸுக்கு ஒரு டூல், பொசிஷன்ஸுக்கு ஒரு டூல். "என்கிட்ட என்ன ஷேர் இருக்கு?" என்று நீங்கள் கேட்டால் மாடல் எதைக் கூப்பிட வேண்டும்? பங்குச் சந்தைக்குப் புதியவர்களே குழம்பும் இடம் இது.

இன்னொரு விஷயம், வெளியார் எழுதிய டூல்களைச் சேர்ப்பவர்களுக்கு. விளக்கத்துக்குள்ளேயே மாடலுக்கு ரகசியக் கட்டளையை ஒளித்து வைக்க முடியும் என்று 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டியது. நீங்கள் அனுமதி கொடுத்த பிறகும் அந்த விளக்கம் மாறலாம். முதல் நாள் பார்த்த விளக்கத்தைச் சேமித்து வைத்து, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஒப்பிட்டுப் பாருங்கள்.